புயலின் மிச்சம்

புனித அந்தோனியார் துணை

ஸ்காபரோ
யூன் 17, செவ்வாய்

அன்புத் தம்பி பஸ்ரியனுக்கு,

அக்கா றோசலின் எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். உன் முழங்கால் நோ எப்படி என்று கேட்காமல் விட மனம் வரவில்லை, ஆகவே கேட்கிறேன்.

நீ நாலைந்து தரம் போன் எடுத்தாய். எல்லாவற்றையும் நான்தான் வெட்டினேன். பழுது போனில் இல்லை. மாக்கஸ் உன்னோடு பிளேன் ஏறிய அடுத்த செவ்வாய், நவநாள் பூசையில், அந்தோனியாருக்கு முன்னால் ஒரு நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை சுகமாக வீடு வந்து சேரும்வரை உன்னோடு வாய் திறந்து கதைப்பதில்லை. மற்றப் பெண்கள் இறைச்சியை விடுவார்கள், தேத்தண்ணிக்குச் சீனியை விடுவார்கள். அதெல்லாம் எனக்கு ஒரு பெரிய விஷயமா? ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் உன்னோடு ஊர்ப் புதினம் கதைப்பதுதான் எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே சந்தோஷம். அது அவருக்கும் தெரியும். அதையே கொடுத்துவிட்டேன்.

கதைப்பதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. அந்தோனியார் சட்டத்தரணி இல்லை, இதைக் கண்டுகொள்ள மாட்டார்.

பாசையூர்க் கடற்கரையில் பிறந்த நான், இங்கே வீடு தேடும்போது ஏரிகூடத் தெரியாத பக்கமாகப் பார்த்துத்தான் எடுத்தேன். என் பல்கனியில் நின்றால் கார் நிறுத்துமிடமும் பிளாசாவும்தான் தெரியும். என் வயிற்றில் பிறந்தது கடலின் மணமே அறியக் கூடாது என்று இருந்தேன். ஆனால் யூனிவேர்சிற்றியை இடையில் விட்டு, வெயர்ஹவுஸில் இரவு வேலைக்குப் போய், பிறகு அதையும் விட்டு, ஒரு வருடமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நித்திரையில்லாமல் கிடந்த பிள்ளையை நான் என்ன செய்ய? ஈஸ்டருக்கு வந்த நீ, "என்னோட வரட்டும் அக்கா, மீன் பிளான்ரில ஒரு சீசன் நிண்டு பாக்கட்டும்" என்றாய். நான் ஓம் என்றதற்கு ஒரே காரணம் உன் ஊரின் பெயர். நியூபவுண்ட்லாந்தின் வடக்கு நுனியில், உலகத்தின் கடைசியில் இருந்தாலும், அது செயின்ற் அன்ரனி, எங்கள் அந்தோனியாரின் பெயர். அவருடைய ஊரிலேயே அவர் பிள்ளையைக் கைவிட மாட்டார்.

அவசரம் என்றால் அத்தானின் நம்பருக்கு எடு. மாக்கஸ் ஞாயிறுதோறும் தன் போனிலிருந்து எனக்கு எடுக்கிறான். உன் நம்பர் அடித்தால் வெட்டுவேன். கோபிக்காதே.

உன்னை மறவாத
அக்கா


செயின்ற் அன்ரனி
யூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தையும் அத்தானின் சுகத்தையும் விசாரித்துத் தம்பி எழுதுவது. என் முழங்கால் இப்போது வானிலை அறிக்கை வாசிக்கிறது. மழைக்கு முதல்நாளே சொல்லிவிடும்.

நேர்த்தி வைத்தவர் நீங்கள், பட்டினி கிடப்பவன் நான். இந்த ஊரில் தமிழில் கதைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? மாக்கஸின் தமிழ் உங்களுக்குத் தெரியும்தானே. கேள்வியைத் தமிழில் கேட்டால் பதிலை இங்கிலிஷில் தருவான், அதுவும் ஒரு சொல்லில். பகலில் என் நம்பர் அடிக்குமோ என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். சனிக்கிழமையும் சேர்த்து, விடிய ஆறு மணிக்கு நான் பிளான்ரில் மீன் வெட்டும் லைனில் நிற்க வேண்டும். ஈரக் கையுறையோடும் ரப்பர் ஏப்ரனோடும் போனை எங்கே வைப்பது? வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் போவேன். பிளான்ருக்குள் அது வந்ததே இல்லை.

பிள்ளை சுகம். முதல் கிழமை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். மூன்றாம் கிழமை ஒருநாள், நான் வேலைக்கு எழுப்பப் போனபோது கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "இஞ்ச நித்திரை வருது, மாமா." அக்கா, நான் குசினிக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் தேத்தண்ணி போட்டேன்.

முடிந்தால் உங்கள் கையால் இடித்த கறித்தூள் அனுப்புங்கள். பிளான்ர் வேலை அவனுக்கு அலுத்துவிட்டது. இப்போது லெஸ்லி என்று ஒரு நல்ல மனிதர், இந்த ஊர்க் கப்டன், அவருடைய படகில் போய் வருகிறான். கரைக்குக் கிட்டத்தான்.

அன்புத் தம்பி
பஸ்ரியன்


புனித அந்தோனியார் துணை

ஸ்காபரோ
யூலை 22

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு, உன்னை நேரில் கண்டு திட்ட வேண்டும்.

படகில் போகிறான் என்பதைக் கறித்தூளுக்குக் கீழே ஒளித்து எழுதினால் அக்கா வாசிக்க மாட்டாள் என்று நினைத்தாயா? பிளான்ர் என்றுதானே கூட்டிப் போனாய். கொட்டிலுக்குள் நிற்கிற வேலை, தலைக்கு மேலே கூரை இருக்கும் என்றாயே. அத்தான் இரண்டு நாளாக என்னோடு கதைக்கப் பயந்து, மிசிசாகாவில் விமானங்களுக்குப் பெட்டி ஏற்றுகிற வேலையில் மேலதிக நேரம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிறு அவன் எடுத்தபோது பிடித்துக் கேட்டேன். உனக்கு யாரடா கடலைக் காட்டினது என்றேன். அவன் சிரித்தான். பல்லுத் தெரிய, வயிறு குலுங்க, போனை ஈரக்கையால் பிடிக்கிற சத்தத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை பஸ்ரியன். எழுதி வைத்திருந்த பேச்சு எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

அதனால்தான் இந்தக் கடிதத்தில் உன்னைக் கொல்லாமல் விடுகிறேன். கறித்தூள் தனியாக அனுப்புகிறேன். அவனுக்கு உறைப்புக் கூடாது, நெஞ்செரியும். கம்பளித் தொப்பி போடச் சொல். காதுக் குத்து வலி அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

நேர்த்தி நேர்த்திதான். இப்போது இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறேன். கடலுக்குப் போகிற பிள்ளைக்காக வைத்த நேர்த்தியில் ஒரு சொல் தவறினாலும் எனக்கு நித்திரை வராது.

அக்கா


செயின்ற் அன்ரனி
ஓகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் கோபமும் நலமாக இருப்பதாக அறிந்தேன்.

கறித்தூள் வந்தது. கொட் மீன் தலையில் குழம்பு வைத்து லெஸ்லியையும் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அந்த மனுசி கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓட, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்று சொல்லிக்கொண்டே தின்றது. மாக்கஸ் மேசைக்குக் கீழே என் காலை உதைத்து உதைத்துச் சிரித்தான்.

அவன் படகு இயந்திரம் திருத்தப் படிக்கப் போகிறானாம். அதற்கு ரொறன்ரோவிலேயே கோர்ஸ் இருக்கிறதா என்று தேடுகிறான். இதை உங்களுக்குத் தான்தான் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். வாயால் சொல்வதில்லை என்றுதான் சத்தியம் செய்தேன். உங்களிடம் படித்த வித்தை.

ஒக்ரோபர் கடைசியில் சீசன் முடிகிறது. நவம்பரில் நானே கூட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் விடுவேன். கதவைத் திறந்து முதலில் அவனைக் கொஞ்சுங்கள். பிறகு ஆறு மாதக் கதையையும் என்னோடு கதையுங்கள். நான் கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு இருந்து கேட்பேன்.

தம்பி
பஸ்ரியன்


புனித அந்தோனியார் துணை

ஸ்காபரோ
செப்ரெம்பர் 18, வியாழன்

அன்புத் தம்பிக்கு,

சுகமா? இந்தக் கடிதத்தை நான் ஒரே இருப்பில் எழுதி முடிக்க மாட்டேன் போலிருக்கிறது. புயல் ஒன்று உங்கள் பக்கம் வருகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அத்தான் டொலர் கடையில் ஒரு கனடா வரைபடம் வாங்கிவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். மாம்பழம் மாதிரி ஒரு காந்தம் என்னிடம் இருக்கிறதே, அதுதான் புயல். செயின்ற் அன்ரனி இருக்கிற இடத்தில், செபப் புத்தகத்துக்குள் இருந்த அந்தோனியார் படத்தைச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். ரிவியில் அறிக்கை வர வர மாம்பழத்தை நகர்த்துகிறோம். முந்தநாள் அது வரைபடத்துக்கு வெளியே, பிரிட்ஜின் கைபிடிக்குப் பக்கத்தில் நின்றது. இப்போது நோவா ஸ்கோசியாவுக்குத் தெற்கே வந்துவிட்டது. அத்தான் ஒரு விரல் நகர்த்துவார். நான் அவர் காணாமல் அரை விரல் பின்னால் இழுத்துவிடுவேன்.

வெள்ளி

குளிர்க் கடலுக்குள் வந்ததும் அதன் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். இனி அது சூறாவளி இல்லையாம், சூறாவளியின் மிச்சமாம். கரையோடு கரையாக வடக்கே ஏறுகிறது, போகப் போகப் பலவீனமடைகிறது என்று ரிவிக்காரன் படிக்கிறான். அந்தச் சொல்லைக் கேட்கும் போதெல்லாம் நான் தேத்தண்ணி ஒரு மிடறு குடிக்கிறேன்.

மாக்கஸுக்கு எடுத்தேன். மணி போகவில்லை. அத்தான் உன் நம்பருக்கு எடுத்துப் பார்த்தார். அதற்கும் போகவில்லை. அங்கே காற்றுக்கு லைன் விழுந்திருக்கும் என்கிறார். அவர் படுத்த பிறகு உன் நம்பரை நானும் எடுக்கப் போனேன், என் விரல் அந்த அளவுக்குப் போய்விட்டது. பிரிட்ஜில் இருந்த படத்தைப் பார்த்தேன். விரலை மடக்கிக்கொண்டேன்.

சனி

மலைபோல வந்தது பனிபோலப் போய்விட்டது. எச்சரிக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். மாம்பழம் உங்கள் ஊரின் மேலே, அந்தோனியாரின் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அத்தான் வேலையால் வந்ததும் லாப்ரடோர்ப் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு அது கடலுக்குள் போய் எங்கேயாவது செத்துப் போகட்டும்.

காலையில் நான் பால் காய்ச்சும்போது உன் நம்பர் அடித்தது. வெட்டினேன். உடனே திரும்பவும் அடித்தது. திரும்பவும் வெட்டினேன். லைன் வந்துவிட்டது, எல்லோரும் சுகம் என்று சொல்லத்தானே எடுத்தாய்? உன் நம்பர் அடித்ததே எனக்குப் போதும், நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டாம் தரம் எடுத்துவிடலாமா என்று இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு நாள் காத்த நேர்த்தியைப் புயல் போன பிறகா கெடுப்பேன்?

நாளைக்கு ஞாயிறு. மாக்கஸ் எடுப்பான். அவனிடம் எல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இதை இப்போதே தபாலில் போட்டுவிட்டு வந்து ஒரு நித்திரை கொள்ளப் போகிறேன்.

சந்தோஷத்துடன்
அக்கா


செயின்ற் அன்ரனி
ஒக்ரோபர் 12

அக்கா,

உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

புயலைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம், அத்தான் இங்கே நின்றபோது வந்து சேர்ந்தது. அவருக்குக் காட்டவில்லை. அவரிடம் நான் எல்லாம் சொன்னேன். உங்களிடம் அவர் எவ்வளவு சொன்னார் என்று தெரியாது. நீங்கள் என் வாயால் கேட்க முடியாததால் எழுதுகிறேன்.

வெள்ளி இரவு முழுக்கக் காற்று. விடிய அடங்கிவிட்டது. நான் ஆறு மணிக்கு லைனில் நின்றேன். லெஸ்லியின் வலைகள் புயலுக்கு முதலே கடலில் கிடந்தன. எச்சரிக்கை எடுத்தாயிற்று என்று கேட்டதும், வலை சிக்கிக் கிழிய முதல் இழுத்துவிடலாம் என்று புறப்பட்டிருக்கிறார். லெஸ்லி, அவருடைய மருமகன், மாக்கஸ். வெயில் எறித்ததாம். வலையை இழுத்துக்கொண்டு துறைமுக வாய்க்குத் திரும்பும்போது பின்னால் இருந்து ஒரு அலை வந்திருக்கிறது. லெஸ்லி என் கதவடியில் வந்து நின்று அழுதழுது சொன்னது ஒன்றுதான். காற்றுப் போய்விட்டது, அது கடலுக்குத் தெரியவில்லை என்றார்.

மற்ற இரண்டு பேரையும் இன்னொரு படகு எடுத்தது. மாக்கஸை எடுக்க முடியவில்லை. ஹெலிகொப்டர் வந்து தேடினார்கள். பிறகு நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. தினமும் வேலை முடியக் கரையோடு நடக்கிறேன்.

நவம்பரில் கொண்டுவந்து வாசலில் விடுவேன் என்று எழுதினேனே. அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் அக்கா.

பஸ்ரியன்


ஸ்காபரோ
நவம்பர் 2

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சாப்பிட்டுக் கொள்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. அவனுடைய உடுப்புகளை நான் துவைக்கவில்லை. கடல் மணக்கிறது. இவ்வளவு காலமும் எந்த மணத்துக்குப் பயந்து ஓடினேனோ, அதை இப்போது அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்று இறந்தோர் நாள். சுவாமியார் மாக்கஸின் பெயரையும் வாசிக்கட்டுமா என்று கேட்டார். அத்தான் ஓம் என்றார். நான் கோயிலுக்குள் போகவில்லை, காருக்குள் இருந்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று அந்தோனியாரை எத்தனை வருடம் கும்பிட்டேன். ஒரு கதவுத் திறப்புத் தொலைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவேன், கிடைக்கும். அவருடைய ஊரிலேயே என் பிள்ளை தொலைந்து கிடக்கிறான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று காலையில் நீ ஏன் எனக்கு எடுத்தாய்? படகில் போகப் போகிறான், மறியுங்கள் அக்கா என்று சொல்லவா? நான் வெட்டாமல் கதைத்திருந்தால் அவனை மறித்திருப்பேனா? எனக்கு வேறொன்றும் வேண்டாம், இதை மட்டும் சொல்.

அக்கா


செயின்ற் அன்ரனி
நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி? அத்தான் இரத்த அழுத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா?

இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. பிளான்ர் மூடிவிட்டார்கள். எனக்குக் கரையில் நடக்க இப்போது நேரம் அதிகம். சில நாள் லெஸ்லியும் கூட வருகிறார். அவர் மனைவி உங்களுக்கென்று ஒரு கம்பளிக் கையுறை பின்னித் தந்திருக்கிறா. உங்கள் கை அளவைக் கேட்டபோது, மாக்கஸின் கையில் பாதி இருக்கும் என்று சொன்னேன். அவன் அப்படித்தான் சொல்வான்.

பெட்டிக்குள் அவனுடைய போன் இல்லை என்று அத்தான் கேட்டார். அது வெள்ளிக்கிழமை படகைக் கட்டும்போது மீன் தொட்டிக்குள் விழுந்து செத்துவிட்டது. அரிசிக்குள் போட்டால் ஈரம் வற்றி வேலை செய்யும் என்று அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தான். இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அந்த அரிசியில் நான் சமைப்பதில்லை.

உங்கள் கடிதத்தின் தலையில் அந்தோனியாரின் பெயர் இல்லை, அக்கா. கவனித்தேன்.

தம்பி
பஸ்ரியன்


ஸ்காபரோ
நவம்பர் 29

தம்பிக்கு,

அத்தான் மருந்து எடுக்கிறார். லெஸ்லியின் மனைவிக்கு என் நன்றியைச் சொல். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை என்றும் சொல். உண்மையில் இருக்கிறது, ஆனால் இல்லை என்று சொல்.

பனி, கையுறை, அரிசி எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் படுக்கிறேன், அதோடுதான் எழும்புகிறேன். சொல்லிவிடு, பஸ்ரியன்.

அக்கா


செயின்ற் அன்ரனி
டிசெம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் பரவாயில்லை.

அன்று காலை நான்தான் எடுத்தேன். லைன் வந்துவிட்டது, புயல் போய்விட்டது என்று சொல்ல எடுத்தேன். வேறொன்றும் இல்லை. வேலையில் இடைவேளை விட்டார்கள், போன் கையில் இருந்தது, எடுத்தேன். மாக்கஸ் படகில் போகப் போவது அந்த நேரம் எனக்கே தெரியாது. அவன் அப்போது நித்திரை. நீங்கள் எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

இதை இனி நினைக்க வேண்டாம். இந்த முறை நத்தார்ப் பண்டிகைக்கு வர எனக்குக் கால் வராது. மன்னியுங்கள்.

தம்பி
பஸ்ரியன்


ஸ்காபரோ
சனவரி 5

அன்புத் தம்பிக்கு,

புது வருடம் பிறந்துவிட்டது. நீ சுகமாக இருக்க வேண்டும். இதை வாய்ப்பேச்சுக்கு எழுதவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. உண்மைக்கு ஒரு காரணம் சொல்வாய், பொய்க்கு நாலு காரணம் சொல்வாய். உன் கடிதத்தை வாசித்து முடிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவேன், அது பிளான்ருக்குள் வந்ததே இல்லை என்று யூலையில் எழுதியவன் நீ. அன்று ஆறு மணிக்கு லைனில் நின்றேன் என்று எழுதியவனும் நீ. அவனுடைய போன் வெள்ளிக்கிழமையே அரிசிக்குள் போய்விட்டது. அப்படியென்றால் சனி காலை உன் வீட்டில், வேலை செய்கிற போன் ஒன்றுதான் இருந்தது. அதை எடுக்க ஆளும் ஒன்றுதான் இருந்தது.

என் பிள்ளைதான் எடுத்திருக்கிறான். இரண்டு தரம். நான் வெட்டினேன். பால் பொங்கிவிடும் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன்.

என்ன சொல்ல எடுத்தான்? நான் சுகம் என்று சொல்லவா, கோர்ஸைப் பற்றிச் சொல்லவா, போகவா அம்மா என்று கேட்கவா? உனக்கும் தெரியாது. இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது. அவன் அம்மா வெட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு படகில் ஏறினானா? அம்மாவுக்கு மாமாவோடு கோபம் என்று சிரித்துக்கொண்டு ஏறினானா? இரவெல்லாம் அவனைச் சிரிக்க வைத்துப் பார்க்கிறேன். சில இரவுகளில் சிரிக்கிறான்.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு அழைப்பையும் உன் போனில் கண்டுவிட்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று இவ்வளவு நாள் தனியே சுமந்திருக்கிறாய். உன்னைத் திட்ட என்னால் முடியவில்லை.

மாம்பழம் இன்னும் அந்தோனியாரின் முகத்தின் மேலேதான் நிற்கிறது. அத்தான் அதைத் தள்ளவில்லை. நானும் தொடவில்லை.

அவன் வீடு வந்து சேரும்வரை உன்னோடு கதைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தேன். இப்போது யோசித்துப் பார். அது எப்போது முடியும்? சுவாமியாரிடம் கேட்டேன். நேர்த்தியை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதை விட்டால் அவன் வரமாட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும். எனக்கு அதற்கு இன்னும் பலம் இல்லை. உன்னையும் இழக்கப் பலம் இல்லை.

ஒன்று செய். வருகிற 24ஆம் திகதி சனிக்கிழமை. அவன் எடுத்த அதே நேரத்துக்கு, உன் நம்பரிலிருந்து எனக்கு எடு. எந்த நேரம் என்று உன் போனில் இருக்கும். நான் வெட்ட மாட்டேன்.

அக்கா


செயின்ற் அன்ரனி
சனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நேற்று இரவாவது நித்திரை கொண்டீர்களா?

நேற்று விடிய எழும்பி முகம் கழுவி, போனை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் தரம் எடுத்தபோது மணி போய்க்கொண்டே இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை, வெட்டவும் இல்லை. இரண்டாம் தரம் எடுத்தேன்.

"சொல்லு ராசா, அம்மாதான்" என்றீர்கள்.

உங்களிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. மே மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். அக்கா என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும் என்று இருந்தது. வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன். அந்த அழைப்பு என்னுடையது இல்லை.

சாப்பிட்டியா என்று கேட்டீர்கள். தொப்பி போட்டியா, காது குத்துதா என்று கேட்டீர்கள். பிறகு உங்கள் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. அதை நீங்கள் நிறுத்தவில்லை. கடைசியாக, "சரி ராசா, கவனமாப் போயிட்டு வா" என்றீர்கள்.

நான் தலையாட்டினேன், அக்கா. உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தும் தலையாட்டினேன். நீங்கள் வைக்கும்வரை நான் வைக்கவில்லை.

நேர்த்தி உடையவில்லை. நீங்கள் உங்கள் தம்பியோடு இன்னும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் எடுக்கிறேன்.

பஸ்ரியன்